நிலம், இணைக்கம்பி, செப்புத் தளம்: வேறுபாட்டிணைத் தட வரைவின் வரலாறு – புதுக்கோட்டையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மின்சுற்றுப் பலகையை வடிவமைக்கும் மென்பொருள்களில் இரு தடங்களை ஒன்றாகச் செலுத்தும் முறை 'டிஃபரன்ஷியல் பேர்' என வழங்குகிறது. இக்கட்டுரை அதனை 'வேறுபாட்டிணை' எனக் குறிக்கிறது. கணினித் தொழில் அண்மையில் கண்ட உத்தியாகவே இது பொதுவாகக் கற்பிக்கப்படுகிறது. இதன் அடிப்படை 1881ஆம் ஆண்டின் தொலைபேசிக் கம்பியில் உள்ளது என்பதையும், அதற்கு முந்தைய தந்திக் காலத்தில் நிலமே இரண்டாவது கம்பியாகப் பயன்பட்டது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. நிலம் மின்சுற்றிலிருந்து நீக்கப்பட்டுப் பின்னர்ச் செப்புத் தளமாகப் பலகைக்குள் மீண்டு வந்த வரலாற்றை அறியாமல் மென்பொருளின் விதிகளை மட்டும் பயில்வது பிழையான வடிவமைப்புக்கு இட்டுச் செல்கிறது என்பது இதன் கருதுகோள். புதுக்கோட்டை வழியாகச் செல்லும் இருப்புப்பாதை இவ்வரலாற்றுக்குரிய களச்சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வேறுபாட்டிணை, தந்தி, இணைக்கம்பி, புவி இணைப்பு, மின்சுற்றுப் பலகை, கிகேட், புதுக்கோட்டை.

முன்னுரை

இந்தியத் தந்தியின் வரலாறு பெரும்பாலும் பேரரசின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. டேனியல் ஹெட்ரிக் 1981இலும், தீப் காந்த லாகிரி சௌத்ரி 2010இலும் வெளியிட்ட நூல்கள் தந்தியை ஆட்சிக்கும் அரசியலுக்கும் உரிய கருவியாக வைத்து ஆராய்ந்தன. செய்தி எவ்வளவு விரைவாகச் சென்றது, அதை யார் கட்டுப்படுத்தினர் என்னும் வினாக்களுக்கு அவ்வாய்வுகள் விடை தந்துள்ளன. செய்தியைச் சுமந்த கம்பி எவ்வாறு இடப்பட்டது, எத்தனை கம்பிகள் தேவைப்பட்டன, ஒரு கம்பி ஏன் இரண்டாயிற்று என்னும் வினாக்கள் பொறியியலாளருக்கு உரியனவாக ஒதுக்கப்பட்டன. பொறியியல் பாடநூல்களோ வரலாற்றை முன்னுரையின் ஓரிரு வரிகளோடு முடித்துக்கொள்கின்றன. இரு துறைகளும் கைவிட்ட இந்த இடைவெளியில்தான் கம்பி இடும் அறிவின் வரலாறு உள்ளது.

இவ்விடைவெளி இன்று நடைமுறை விளைவு உடையது. மின்னணுப் பொருள் ஏற்றுமதியில் தமிழ்நாடு இந்திய மாநிலங்களுள் முதலிடம் வகிக்கிறது. 2023–24ஆம் நிதியாண்டில் அதன் அளவு ஏறத்தாழ 950 கோடி அமெரிக்க டாலர். இதில் பெரும்பங்கு ஒருங்கிணைப்புப் பணியைச் சார்ந்தது. பலகையை வடிவமைக்கும் அறிவு அதனினும் அரிதாகவே உள்ளது. புதுக்கோட்டை போன்ற மாவட்டங்களின் பொறியியல், பல்தொழில்நுட்பக் கல்லூரிகளில் பயிலும் மாணவர், கட்டணமின்றிக் கிடைக்கும் மென்பொருளில் ஒரு பலகையை வரைந்துவிட இயலும். வரைந்த பலகை ஏன் இயங்குகிறது, ஏன் சில வேளைகளில் இயங்குவதில்லை என்பதை அறிய மென்பொருளுக்கு முந்தைய வரலாறு அவருக்குத் தேவைப்படுகிறது.

நிலமே இரண்டாவது கம்பி

மின்னோட்டம் செல்வதற்கு ஒரு வழியும் திரும்புவதற்கு ஒரு வழியும் வேண்டும். முதல் தந்திச் சோதனைகளில் இவ்விரண்டுக்கும் தனித்தனிக் கம்பிகள் இடப்பட்டன. 1838ஆம் ஆண்டு செருமானிய அறிஞர் கார்ல் ஆகஸ்ட் ஸ்டைன்ஹைல், இரு முனைகளிலும் உலோகத் தகட்டை மண்ணில் புதைத்தால் திரும்பும் வழியை நிலமே தந்துவிடும் என்று கண்டறிந்தார். கம்பிச் செலவு இதனால் பாதியாகக் குறைந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1839இல், கல்கத்தா தாவரவியல் பூங்காவில் தந்திச் சோதனை நடத்திய வில்லியம் ஓ'ஷாநெஸ்ஸி, ஹூக்ளி ஆற்றின் நீரையே திரும்பும் வழியின் ஒரு பகுதியாகப் பயன்படுத்தினார்.

ஓ'ஷாநெஸ்ஸியின் மேற்பார்வையில் 1851இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே முதல் தந்தித் தடம் செயல்பட்டது. 1855 பெப்ரவரியில் பொதுமக்களுக்குத் தந்திப் பணி திறக்கப்பட்டபோது, கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்கள் கம்பியால் இணைந்திருந்தன. கம்பத்தில் சென்றது தடித்த இரும்புக் கம்பி. அதன் மறுபாதி மண்ணுக்கு அடியில் இருந்தது. தந்திக்கு இம்முறை போதுமானதாக இருந்தது. மோர்ஸ் குறியீட்டின் புள்ளியும் கோடும் ஓட்டம் உண்டு, இல்லை என்னும் இரண்டு நிலைகளை மட்டுமே வேறுபடுத்த வேண்டியிருந்தன. சிறிய இரைச்சல் அவற்றைக் குலைப்பதில்லை.

நிலம் எங்கும் ஒரே தன்மையுடைய கடத்தியாக இருப்பதில்லை என்பதையும் இங்குக் கருத வேண்டும். காவிரிப் படுகையின் ஈர வண்டலும், நார்த்தாமலை, குடுமியான்மலை, திருமயம் ஆகிய ஊர்களின் கற்பாறை நிலமும் மின்னோட்டத்துக்கு ஒரே அளவில் இடம் தருவதில்லை. வறண்ட நிலப்பகுதிகளில் 'எர்த்துக் குழி' தோண்டும் மின்பணியாளர் கரியையும் உப்பையும் இட்டு நிரப்புவதும், கோடையில் அக்குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் இன்றும் நடைமுறையில் உள்ளன. மண்ணை மின்சுற்றின் உறுப்பாகக் கருதும் தந்திக் கால அறிவு இவ்வழக்கத்தில் தொடர்கிறது.

நிலத்தை நீக்கிய இணைக்கம்பி

1876இல் தொலைபேசி வந்தபோது நிலை மாறியது. குரலின் நுண்ணிய ஏற்ற இறக்கங்கள் அனைத்தும் கம்பியில் செல்ல வேண்டியிருந்தன. முதல் தொலைபேசித் தடங்கள் தந்தியைப் பின்பற்றி ஒற்றைக் கம்பியும் நிலமுமாக அமைக்கப்பட்டன. அருகில் சென்ற தந்திக் கம்பியின் தட்டொலியும், பிற தொலைபேசிகளின் பேச்சும், மின்னலின் கரகரப்பும் அக்கம்பியில் சேர்ந்து ஒலித்தன. எல்லாரும் பொதுவாகப் பயன்படுத்திய நிலம், எல்லாருடைய இரைச்சலையும் பொதுவாக்கியது.

அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881 சூலை 19 அன்று பெற்ற 244,426ஆம் எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமை இதற்கு ஒரு தீர்வை முன்வைத்தது. நிலத்தை விட்டுவிட்டு இரு கம்பிகளை இட வேண்டும். அவற்றை ஒன்றோடொன்று முறுக்க வேண்டும். அருகிலுள்ள இரைச்சல் மூலத்துக்கு ஒரு கம்பி ஓரிடத்தில் அண்மையில் இருந்தால், அடுத்த முறுக்கில் மற்றது அண்மையில் வருகிறது. எனவே இரு கம்பிகளும் ஏறத்தாழ ஒரே அளவு இரைச்சலைப் பெறுகின்றன. கேட்கும் கருவி இரு கம்பிகளின் வேறுபாட்டை மட்டுமே உணர்வதால், இரண்டிலும் பொதுவாக உள்ள இரைச்சல் கழிந்துவிடுகிறது. இரைச்சல் கம்பியை அடையாமல் தடுப்பது கடினம் என்பதை ஒப்புக்கொண்டு, அடைந்த இரைச்சல் இரு கம்பிகளிலும் சமமாக இருக்குமாறு செய்ததே இதன் புதுமை.

இந்தியாவில் 1882 சனவரி 28 அன்று கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் தொலைபேசி இணைப்பகங்கள் முறைப்படி திறக்கப்பட்டன. இணைக்கம்பிக் காப்புரிமை வெளியாகி அப்போது ஆறு மாதங்களே ஆகியிருந்தன. அதன் பயன்பாடு உலகெங்கும் உடனே பரவிவிடவில்லை. இரண்டாவது கம்பிக்கான செலவு தடையாக இருந்தது. அத்தடையை உடைத்ததில் மின் டிராம்களுக்குப் பங்குண்டு. டிராமின் ஓட்டம் தண்டவாளத்தின் வழியே திரும்பும்போது ஒரு பகுதி மண்ணில் கசிந்தது. மண்ணைப் பயன்படுத்திய தொலைபேசிகளில் அது பேரிரைச்சலாகக் கேட்டது. ஐரோப்பிய, அமெரிக்க நகரங்கள் இதனாலேயே இருகம்பி முறைக்கு மாற நேர்ந்தது. சென்னையில் மின் டிராம் ஓடத் தொடங்கியது 1895 மே 7 அன்று.

புதுக்கோட்டையின் இருப்புப்பாதை

நிலத்தை விட்டு இணைக்கம்பிக்கு மாறிய இந்நிகழ்வு பெருநகரங்களோடு முடிந்துவிடவில்லை. தென்னிந்திய இரயில்வே திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929இல் பாதை திறந்தது. 1930இல் அது மானாமதுரை வரை நீண்டது. புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் மன்னரின் ஆட்சியில் இருந்த தனி அரசு. 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974 சனவரி 14 அன்று தனி மாவட்டமானது.

அக்கால இருப்புப்பாதைகளில், இரு நிலையங்களுக்கு இடையே ஒரு நேரத்தில் ஒரு தொடர்வண்டி மட்டுமே செல்வதை உறுதிசெய்யும் கருவிகள், பாதையோரக் கம்பங்களின் மேல்நிலைக் கம்பிகளால் இணைக்கப்பட்டன. அவற்றில் ஒற்றைக் கம்பியும் நிலமும் சேர்ந்த சுற்றுகள் பரவலாக வழக்கில் இருந்தன. தந்திக் காலத்தின் அமைப்பு இருப்புப்பாதையில் இவ்வாறு நீண்ட காலம் நிலைத்தது.

இந்திய இரயில்வே 1950களின் பிற்பகுதியில் 25,000 வோல்ட் மாறுமின்னோட்ட முறையைத் தேர்ந்தது. இம்முறையில் எஞ்சின் எடுத்துக்கொள்ளும் ஓட்டம் தண்டவாளத்தின் வழியாகவும் மண்ணின் வழியாகவும் திரும்புகிறது. பாதைக்கு இணையாகச் செல்லும் எந்தக் கம்பியிலும் அது மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. எனவே மின்மயமான பாதைகளில் மேல்நிலைக் கம்பிகள் அகற்றப்பட்டன. நிலத்தைத் திரும்பும் வழியாகக் கொண்ட சுற்றுகளும் கைவிடப்பட்டன. நான்கு நான்கு கம்பிகளாக முறுக்கிய, உலோக உறையிட்ட வடங்கள் மண்ணுக்கு அடியில் இடப்பட்டன. ஒவ்வொரு நான்கிலும் எதிரெதிரே அமைந்த இரு கம்பிகள் ஓர் இணை. ஆறு நான்குகள் கொண்ட வடம் இத்துறையில் வழக்கமானது. புதுக்கோட்டை வழியாகச் செல்லும் பாதையும் அண்மை ஆண்டுகளில் மின்மயமானது. 1890களில் டிராம் ஓடிய நகரங்கள் எதிர்கொண்ட அதே சிக்கலும் அதே தீர்வும், நூறாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் இம்மாவட்டத்தை வந்தடைந்தன. பெல்லின் இணைக்கம்பி இன்று புதுக்கோட்டை மண்ணில் புதைந்திருக்கிறது.

பலகைக்கு வந்த இணை

இணைக்கம்பி நெடுந்தொலைவுக்கு உரியது; சில சென்டிமீட்டர் நீளமே உடைய மின்சுற்றுப் பலகைக்கு அது ஏன் தேவைப்பட்டது? விடை வேகத்தில் உள்ளது. பால் ஐஸ்லர் 1936இல் இலண்டனில் அச்சிட்ட சுற்றுடன் வானொலிப் பெட்டியை உருவாக்கியபோது, தடம் என்பது கம்பிக்கு மாற்றான செப்புக் கீற்று மட்டுமே. அதே 1936இல் ஆலன் புளூம்லைன் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இணை வெற்றிடக்குழாய்ச் சுற்று, இரு உள்ளீடுகளின் வேறுபாட்டை மட்டும் பெருக்கியது. பலகையும் வேறுபாட்டுப் பெருக்கியும் ஒரே ஆண்டில் தோன்றினாலும், அவை இன்றியமையாத துணைகளாகச் சேர்வதற்குப் பல பதின்மங்கள் ஆயின.

1990கள் வரை கணினிக்குள் வேகத்தைக் கூட்டுவதற்குத் தடங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதே வழி. 1992இல் வந்த பி.சி.ஐ. பாட்டை 32 தரவுத் தடங்களைப் பக்கம் பக்கமாகச் செலுத்தியது. வேகம் மிகும்போது அத்தனை தடங்களும் ஒரே நேரத்தில் சென்று சேர்வதை உறுதிசெய்ய இயலாமற்போயிற்று. ஒன்றின் ஓட்டம் மற்றொன்றில் இரைச்சலாயிற்று. தொலைபேசியின் பழைய சிக்கல் விரல் நீளத்துக்குள் மீண்டும் எழுந்தது. தீர்வும் பழையதே. பல ஒற்றைத் தடங்களை விடுத்துச் சில இணைகளை மிக விரைவாக இயக்குவது என்று தொழில்துறை முடிவு செய்தது. 1994இல் அறிமுகமான எல்.வி.டி.எஸ்., 1996இன் யு.எஸ்.பி., 2003இன் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஆகியன இவ்வரிசையில் வந்தவை.

இணையின் கணக்கு எளியது. எல்.வி.டி.எஸ். முறையில் ஒரு தடம் 1.375 வோல்ட்டிலும் மற்றது 1.025 வோல்ட்டிலும் இருப்பதாகக் கொள்வோம். வேறுபாடு 0.35 வோல்ட். இரண்டின் மீதும் 0.1 வோல்ட் இரைச்சல் ஏறினால் அவை 1.475, 1.125 என ஆகின்றன. வேறுபாடு அதே 0.35 வோல்ட். இரைச்சல் ஒரு தடத்தில் மட்டும் ஏறினால் இக்கணக்கு பொய்க்கும். ஆகவே இரு தடங்களும் ஒரே அகலம், ஒரே சூழல், ஒரே நீளம் உடையவையாக, ஒன்றையொன்று ஒட்டிச் செல்ல வேண்டும். பலகையில் தடங்களை முறுக்க இயலாது. முறுக்கு தந்த சமன்மையை வரைபவரின் கவனமே தர வேண்டியிருந்தது.

கையால் ஒட்டிய தடமும் மென்பொருளும்

அக்கவனம் முதலில் கைத்தொழிலாக இருந்தது. ஒளிபுகும் தாளின் மேல், உண்மை அளவைப்போல் இரு மடங்கு அல்லது நான்கு மடங்கு பெரிதாக, கறுப்பு நாடாவை ஒட்டித் தடங்களை அமைத்தனர். பின்னர் ஒளிப்படத்தால் அதனைச் சுருக்கிச் செப்புத் தகட்டில் பதித்தனர். நாடாவை வளைக்கும் விரலின் பழக்கத்தில் வடிவமைப்பறிவு இருந்தது. 1980களில் தனிக்கணினிக்கு வந்த வரைவு மென்பொருள்கள் நாடாவின் இடத்தைப் பிடித்தன.

இந்திய மாணவர்களிடம் இன்று பரவலாக வழங்கும் கிகேட், 1992இல் பிரான்சின் கிரனோபிள் நகரில் ஆசிரியராக இருந்த ஜான்-பியர் ஷராஸ் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன், தன் கருவிகளுக்கான பலகைகளைத் திறந்த முறையில் வடிவமைக்க விரும்பி, 2010களில் இதன் வளர்ச்சியில் பங்கேற்றது. ஏற்கெனவே உள்ள தடங்களைத் தள்ளி வழி உண்டாக்கும் வரைவியும், இரு தடங்களை ஒன்றாகச் செலுத்தும் வசதியும், நீளத்தைச் சரிசெய்யும் வசதியும் அம்மையத்தின் பங்களிப்போடு 2015இல் வெளியான நான்காம் பதிப்பில் இடம்பெற்றன. 2019இல் இத்திட்டம் லினக்ஸ் அறக்கட்டளையின் குடையின்கீழ் வந்தது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஃபாஸ்ஸி திட்டம் கிகேட்டை உள்ளடக்கிய ஈசிம் என்னும் மென்பொருளை உருவாக்கிக் கல்லூரிகளில் பரப்பியுள்ளது.

மென்பொருளில் இப்பணி நடைபெறும் முறை பின்வருமாறு. சுற்றுப்படத்தில் இரு இணைப்புகளுக்கும் ஒரே பெயரை இட்டு, இறுதியில் கூட்டல், கழித்தல் குறிகளையோ 'பி', 'என்' என்னும் ஆங்கில எழுத்துகளையோ சேர்க்க வேண்டும். பெயரின் இந்த ஈற்றைக் கொண்டே மென்பொருள் அவற்றை இணையென்று அறிகிறது. அடுத்து அவ்விணைப்புகளுக்குரிய வகுப்பில் தடத்தின் அகலத்தையும் இரு தடங்களுக்கு இடைப்பட்ட இடைவெளியையும் குறிக்க வேண்டும். இவை விருப்பத்தால் இடும் எண்கள் அல்ல. யு.எஸ்.பி. 2.0 இணைக்கு 90 ஓம், ஈதர்நெட் இணைக்கு 100 ஓம் என்று தரவரையறைகள் மின்மறுப்பை விதிக்கின்றன. பலகையின் தடிமனையும் பொருளையும் கொண்டு அம்மறுப்பைத் தரும் அகலத்தைக் கணக்கிட வேண்டும். அதன்பின் இணைவரைவுக் கட்டளையைத் தேர்ந்து சுட்டியை நகர்த்தினால் இரு தடங்களும் சேர்ந்தே நகர்கின்றன. ஒன்று அடுக்கு மாறினால் மற்றதும் மாறுகிறது. இறுதியில் நீள வேறுபாட்டை அளந்து, குறைந்த தடத்தில் சிறு வளைவுகளைச் சேர்க்கலாம்.

நுகத்தில் பூட்டிய இரு மாடுகளின் நடையோடு இதனை ஒப்பிடலாம். நுகத்தடி இடைவெளியைக் காக்கிறது. வண்டி திரும்பும்போது வெளிப்புற மாடு கூடுதலாக நடக்க வேண்டியிருக்கிறது. தடங்களிலும் இதுவே நிகழ்கிறது. 0.2 மி.மீ. அகலமும் 0.2 மி.மீ. இடைவெளியும் கொண்ட இணை, 45 பாகை வளைவு இரண்டின் மூலம் செங்கோணமாகத் திரும்பினால், வெளித்தடம் ஏறத்தாழ 0.66 மி.மீ. நீண்டுவிடுகிறது. வலப்புறம் ஒரு திருப்பமும் இடப்புறம் ஒரு திருப்பமும் வந்தால் மொத்த நீளம் சமனாகும்.

விதியும் அளவும்

நீளச் சமன்மை பயிற்சி வகுப்புகளில் மாறாத விதியாகக் கற்பிக்கப்படுவதுண்டு. அதன் முதன்மை வேகத்தைப் பொறுத்தது. வழக்கமான கண்ணாடியிழைப் பலகையில் மின்குறிப்பு ஒரு மி.மீ. தொலைவைக் கடக்க ஏறத்தாழ 6 முதல் 7 பைக்கோ நொடி ஆகும். ஒரு பைக்கோ நொடி என்பது நொடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. மேலே கண்ட ஒரு திருப்பத்தின் விளைவு ஏறத்தாழ 4 பைக்கோ நொடி. யு.எஸ்.பி. 2.0 உச்ச வேகத்தில் ஒரு துணுக்கின் காலம் 2,083 பைக்கோ நொடி. 4 பைக்கோ நொடி அதில் ஐந்நூற்றில் ஒரு பங்கு. முதல் தலைமுறைப் பி.சி.ஐ. எக்ஸ்பிரசில் துணுக்கின் காலம் 400 பைக்கோ நொடி. அங்கே அது நூற்றில் ஒரு பங்கு. 2019இன் ஐந்தாம் தலைமுறையில் துணுக்கின் காலம் 31.25 பைக்கோ நொடி. அங்கே அது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காக வளர்ந்துவிடுகிறது.

யு.எஸ்.பி. 2.0 இணையில் அரை மில்லிமீட்டரைச் சரிசெய்யப் பல வளைவுகளை இடுபவர், பயனற்ற ஒன்றைப் பெறுவதற்காக இணையின் சீரான இடைவெளியைக் குலைக்கிறார். ஐந்தாம் தலைமுறை இணையில் அதே அரை மில்லிமீட்டரைப் புறக்கணிப்பவர் பலகையையே இழக்கிறார். மென்பொருள் இரண்டு நிலைகளிலும் ஒரே எண்ணைக் காட்டுகிறது. அந்த எண்ணின் பொருளை முடிவுசெய்வது வரைபவரின் அறிவு.

நிலத்தின் மீள்வருகை

நீளத்தினும் மிகுதியாகக் கவனிக்கப்படாமல் விடப்படுவது தளம். வேறுபாட்டிணையில் ஒரு தடத்தில் செல்லும் ஓட்டம் மற்றொரு தடத்தில் திரும்புகிறது, எனவே இணைக்குக் கீழே செப்புத் தளம் தேவையில்லை என்னும் கருத்து பரவலாக உள்ளது. பெல்லின் முறுக்கிய கம்பிக்கு இது பொருந்தும். அங்கே இரு கம்பிகளும் நெருங்கியுள்ளன; நிலம் தொலைவில் உள்ளது. பலகையில் நிலைமை வேறு. நான்கு அடுக்குப் பலகையில் தடத்துக்கும் தளத்துக்கும் இடைப்பட்ட தொலைவு பெரும்பாலும் 0.2 மி.மீ. அளவே. இரு தடங்களுக்கு இடையிலான தொலைவைப் போன்றே தளமும் அண்மையில் இருப்பதால், ஒவ்வொரு தடத்தின் திரும்பு ஓட்டத்திலும் பெரும்பகுதி அதன் நேர்கீழே தளத்திலேயே செல்கிறது.

இணை செல்லும் வழியில் தளம் பிளவுபட்டிருந்தால் அவ்வோட்டம் தன் நேர்வழியை இழக்கிறது. பிளவின் மேல் மின்மறுப்பு மாறுகிறது. இரு தடங்களின் சமன்மையில் சிறு குறை இருந்தாலும் அது கதிர்வீச்சாக வெளிப்படுகிறது. மேசையில் ஒழுங்காக இயங்கும் பலகை, மின்காந்த இடையூற்றுச் சோதனையில் தோற்பதற்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்று. சென்னை தரமணியில் உள்ள சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் இத்தகைய சோதனைகளை மேற்கொள்கிறது. சோதனைக் கூடத்தில் வெளிப்படும் இப்பிழையை வரைவுத் திரை தானாகக் காட்டிவிடுவதில்லை. அகலமும் இடைவெளியும் நீளமும் விதிப்படி இருந்தால் மென்பொருளின் வழக்கமான சரிபார்ப்பு நிறைவடைந்துவிடுகிறது.

இங்கு வரலாற்றின் பயன் தெளிவாகிறது. தந்திக் காலத்தில் நிலம் இரண்டாவது கம்பியாக இருந்தது. தொலைபேசி அதனை வெளியேற்றி மெய்யான இரண்டாவது கம்பியை இட்டது. பலகைக் காலத்தில் நிலம் செப்புத் தகடாக உருமாறி, இணையின் மூன்றாவது கடத்தியாகத் திரும்பி வந்தது. 'கிரவுண்ட்' என்னும் பெயரும் அதனோடு வந்தது. மண்ணோடு எந்தத் தொடர்பும் இல்லாத கைப்பேசிப் பலகையிலும் அப்பெயர் வழங்குவதற்குத் தந்திக் காலமே காரணம். திரையில் மாணவர் காண்பது இரு கோடுகள். மின்னோட்டம் காண்பது மூன்று கடத்திகள்.

சொல்லும் கல்வியும்

தமிழில் இத்துறையின் சொற்கள் இவ்வரலாற்றின் தடங்களைத் தாங்கியுள்ளன. யாழ், வீணை ஆகியவற்றின் நரம்பைக் குறித்த 'தந்தி', பத்தொன்பதாம் நூற்றாண்டில் கம்பிவழிச் செய்திக்குப் பெயராயிற்று. 2013 சூலையில் தந்திப் பணி முடிவுற்ற பின்னரும் அச்சொல் வாழ்கிறது. பள்ளிப் பாடநூல் 'புவி இணைப்பு' என்கிறது. தொழில்புரிவோர் 'எர்த்து' என்கின்றனர். பலகையிலுள்ள தளத்தையும் 'புவி' என்றே மொழிபெயர்ப்பது, அது மண்ணோடு இணைந்தது என்னும் தவறான எண்ணத்தை விதைக்கும். அதன் பணியைக் கொண்டு 'மீள்தளம்' எனக் குறிப்பின், ஓட்டம் மீளும் வழி அது என்பது சொல்லிலேயே விளங்கும். 'வேறுபாட்டிணை' என்னும் சொல்லும் இந்நோக்கில் அமைந்ததே. இரு தடங்கள் இணைந்திருப்பதையும், அவற்றின் வேறுபாடே செய்தியாவதையும் அது ஒருங்கே உணர்த்துகிறது.

அறிவியற் சொல்லாக்க முயற்சி தமிழுக்குப் புதிதன்று. 1916இல் சேலத்தில் இராசாசி உள்ளிட்டோர் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தைத் தொடங்கினர். 1948 முதல் கோவையிலிருந்து 'கலைக்கதிர்' வெளிவந்தது. இத்தகைய இதழ்களைத் துருவி ஆராய்வதற்கு, புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் உள்ள ஞானாலயா ஆய்வு நூலகம் போன்ற முதற்பதிப்புக் கருவூலங்கள் துணைசெய்யும். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது கட்டடவியலும் இயந்திரவியலும் மட்டுமே அதில் இடம்பெற்றன. மின்னணுவியல் ஆங்கிலத்திலேயே நின்றது. கட்டற்ற மென்பொருள்களுக்கான ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் இந்திய மொழிகளில் வெளிவருவது இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. கட்டளைகளைக் கற்பிக்கும் பாடங்களோடு, அக்கட்டளைகளுக்குரிய காரணங்களைக் கூறும் தமிழ் எழுத்தும் தேவைப்படுகிறது.

முடிவுரை

வேறுபாட்டிணைத் தட வரைவு, மென்பொருளோடு பிறந்த உத்தி அன்று. 1838இல் நிலத்தைக் கம்பியாக்கியதும், 1881இல் நிலத்தை நீக்கியதும், கடந்த நூற்றாண்டின் இறுதியில் இணையைப் பலகைக்குக் கொணர்ந்ததும் ஒரே சிக்கலுக்கு வெவ்வேறு காலங்கள் தந்த விடைகள். மின்னோட்டம் எவ்வழியே திரும்புகிறது என்பதே அச்சிக்கல். புதுக்கோட்டை இருப்புப்பாதையின் அடியில் உள்ள முறுக்கிய வடமும், அம்மாவட்டத்து மாணவர் திரையில் வரையும் இரு தடங்களும் இவ்வினாவால் இணைகின்றன.

மென்பொருள் முதல் இரு கடத்திகளைப் பெயர் ஈற்றைக் கொண்டு தானே அறிந்துகொள்கிறது. மூன்றாவதை வரைபவரே அறிந்திருக்க வேண்டும். இணையை வரையத் தொடங்கும் முன், அதன் கீழ் மீள்தளம் முனை முதல் முனை வரை பிளவின்றி உள்ளதா எனப் பார்ப்பதை முதற்பாடமாக வைப்பது, நூற்றெண்பது ஆண்டுக் கம்பி வரலாற்றை ஒரு செய்முறைக்குள் கொணர்வதாகும். தமிழக இருப்புப்பாதைகளின் குறிப்புக் கம்பிகள், தொலைபேசி வடங்கள் ஆகியவற்றின் ஆவணங்களை இந்நோக்கில் தொகுத்து ஆராய்வது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணி.